மேனேஜ்டு சுவிட்ச் அமைக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

புதிய மேனேஜ்டு சுவிட்சை (கருவிகளைக் கேபிளால் இணைக்கும், அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய பெட்டி) ரேக்கில் மாட்டி, கேபிள்களைச் சொருகி, கான்ஃபிக் (அமைப்புகள்) போட்டு முடித்த கையோடு "நெட் வரவில்லையே" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குப் பின்னால் திரும்பத் திரும்பப் போய்ச் சரிசெய்ததில் பழகிய வரிசையை இங்கே எழுதுகிறேன். பெட்டியைப் பிரிக்கும்போதே பழுதாக இருந்த சுவிட்சை நான் பார்த்தது மிகக் குறைவு. பெரும்பாலும், ஒரு கேபிளின் இந்த முனையில் ஒரு அமைப்பும் அந்த முனையில் வேறொரு அமைப்பும் இருக்கும். எந்த அறிகுறியானாலும் இரண்டு முனைகளையும் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

தொடங்கும் முன் மூன்று பொருள்கள் கையில் வேண்டும்: கன்சோல் கேபிள் (நெட்வொர்க் இல்லாமலே சுவிட்சோடு நேரடியாகப் பேச), நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பேட்ச் கார்டு (குட்டி நெட்வொர்க் கேபிள்), கேபிள் சொருகும் வசதியுள்ள லேப்டாப். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றிவிட்டால், சரியானபிறகும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

## அறிகுறி 1: கன்சோல் திரை காலியாக இருக்கிறது, அல்லது புரியாத எழுத்துகள் வருகின்றன

புரியாத எழுத்துகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை. பெரும்பாலான சுவிட்சுகள் 9600-இல் பேசும், சில 115200-இல் பேசும். இரண்டையும் போட்டுப் பாருங்கள். மற்றவை எப்போதும் போல: 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்.

திரையில் எழுத்து ஓடுகிறது, ஆனால் நீங்கள் தட்டுவது ஏறவில்லை என்றால் ஃப்ளோ கன்ட்ரோலை ‘நன்’ என்று மாற்றுங்கள்.

ஒன்றுமே வராவிட்டால் முதலில் என்டரை இரண்டு முறை தட்டுங்கள். பூட் ஆகி முடித்த சுவிட்ச் தானாக எதுவும் சொல்லாது. அப்புறம் லேப்டாப்பில் எந்த காம் போர்ட் எண் வந்திருக்கிறது என்று டிவைஸ் மேனேஜரில் பாருங்கள். அங்கே மஞ்சள் முக்கோணம் இருந்தால் யுஎஸ்பி-சீரியல் கேபிளுக்கு டிரைவர் போடவில்லை. லினக்ஸில் உங்கள் பயனர் ‘டயல்அவுட்’ குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். அடுத்தது கேபிள். கன்சோல் ஓட்டையும் நெட்வொர்க் போர்ட் போலவே தெரிவதால், சாதாரண பேட்ச் கார்டைச் சொருகிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அங்கே ரோல்ஓவர் கேபிள்தான் (மறுமுனையில் கம்பிகள் தலைகீழ் வரிசையில் இருக்கும் கேபிள்) போக வேண்டும். ஆர்ஜே45 கன்சோல், யுஎஸ்பி கன்சோல் இரண்டும் உள்ள சில மாடல்களில், யுஎஸ்பி பக்கம் கேபிள் இருக்கும்வரை மற்றதில் தட்டுவது ஏறாது.

எப்போது அழைப்பது: பூட் செய்திகள் பாதிவரை வந்து மறுபடி மறுபடி முதலிலிருந்து ஓடினால் ஃபர்ம்வேர் அல்லது மெமரி கோளாறு. வாரண்டி இருக்கும்போது அதை நீங்களே நோண்ட வேண்டாம்.

## அறிகுறி 2: வலைப்பக்கம் திறக்கவில்லை

லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். பாதி நேரம் பிரச்சினை இதோடு முடிந்துவிடும். வைஃபை வழியாக வேறொரு நெட்வொர்க்கில் அதே ஐபி முகவரி இருந்தால், நீங்கள் பார்ப்பது சுவிட்சையே அல்ல.

பிறகு லேப்டாப்புக்குக் கையால் ஐபி கொடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் முகவரி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: நெட்கியர் 192.168.0.239, டிபி-லிங்க் 192.168.0.1, டி-லிங்க் 10.90.90.90, மைக்ரோடிக் 192.168.88.1, யூபிக்விட்டி 192.168.1.20. மாடலுக்கு மாடல் வேறுபாடும் உண்டு, அதனால் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைத்தான் நம்ப வேண்டும். சுவிட்ச் 10.90.90.90 என்றால் லேப்டாப் 10.90.90.91, மாஸ்க் 255.0.0.0 என்று வைத்தால் போதும்.

இன்னும் திறக்கவில்லையா? நெட்வொர்க்கில் டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் சேவை) இருந்தால் பல சுவிட்சுகள் அதிலிருந்து ஒரு முகவரியை வாங்கிக்கொண்டு, லேபிளில் உள்ளதை விட்டுவிடும். ரவுட்டரின் லீஸ் பட்டியலில் (அது கொடுத்த முகவரிகள்) சுவிட்சின் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) தேடுங்கள். ஒரே மாதிரி இரண்டு புதுச் சுவிட்சுகளை ஒன்றாகச் சொருகியிருந்தால் இரண்டுக்கும் ஒரே ஐபி இருக்கும். ஒன்றைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக அமையுங்கள்.

பக்கத்திலிருந்து திறக்கிறது, வேறு சப்நெட்டிலிருந்து (வேறு ஐபி வரிசையிலிருந்து) திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் சுவிட்சில் டீஃபால்ட் கேட்வே (வேறு சப்நெட்டுக்குப் போகும் வாசல்) கொடுக்கவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

## அறிகுறி 3: விலானை மாற்றியதும் சுவிட்சோடு தொடர்பே போய்விட்டது

நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டியிருக்கிறீர்கள். லேப்டாப் சொருகிய போர்ட்டை வேறு விலானுக்கு (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) மாற்றியிருப்பீர்கள், அல்லது மேலாண்மை ஐபியை விலான் 1-இலிருந்து எடுத்திருப்பீர்கள்.

முதல் வழி சுலபமானது. இன்னும் சேவ் செய்யவில்லை என்றால் மின்சாரத்தை எடுத்துத் திரும்பக் கொடுங்கள். ஓடும் கான்ஃபிக்கும் சேமித்த கான்ஃபிக்கும் தனித்தனியாக உள்ள சுவிட்சுகளில் பழையது திரும்பி வரும். சில சுவிட்சுகள் ‘அப்ளை’ அழுத்தியதுமே சேமித்துவிடும், அவற்றில் இது பலிக்காது. அப்போது கன்சோல் வழியாக நுழையுங்கள். கன்சோல் போர்ட்டே இல்லாத மாடல் என்றால், புதிய மேலாண்மை விலானில் இருக்கும் இன்னொரு போர்ட்டுக்கு லேப்டாப்பை மாற்றிப் பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால்தான் ரீசெட் ஓட்டையில் ஊசி. எத்தனை விநாடி அழுத்துவது என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு அழுத்துங்கள். பல மாடல்களில் கொஞ்ச நேரம் அழுத்தினால் ரீபூட் மட்டும்தான், நீண்ட நேரம் அழுத்தினால் எல்லாமே அழியும்.

மேலாண்மை விலானை மாற்றும்போது நான் மாறாமல் பின்பற்றும் வரிசை இது: புதிய விலானை உருவாக்கு, ஒரு போர்ட்டை மட்டும் அதில் போடு, புதிய விலானுக்கு ஐபி கொடு, லேப்டாப்பை அந்தப் போர்ட்டுக்கு மாற்றி லாகின் ஆகிறதா என்று பார். அதன்பிறகு பழையதை எடு. தொலைவிலிருந்து வேலை செய்வதானால் முதலில் 10 நிமிடத்தில் தானாக ரீபூட் ஆகும்படி கட்டளை கொடுத்துவிடுங்கள். தொடர்பு போனால் அது திரும்பக் கொண்டுவரும். போகாவிட்டால் ரீபூட்டை ரத்து செய்துவிட்டுச் சேவ் செய்யலாம்.

‘நேற்று வேலை செய்தது, மின்வெட்டுக்குப் பிறகு எல்லாம் போய்விட்டது’ என்பதும் இதே குடும்பம்தான். கான்ஃபிக் சேவ் ஆகவில்லை.

## அறிகுறி 4: லிங்க் லைட் எரியவில்லை, அல்லது 1 ஜிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 மெகாபிட் மட்டும் வருகிறது

லைட்டே இல்லையென்றால் கேபிளைக் குறை சொல்வதற்கு முன் போர்ட்டின் நிலையைப் பாருங்கள். ‘ஷட் டவுன்’ என்று அணைத்து வைத்திருக்கலாம். ‘எர்ர் டிஸேபிள்டு’ என்று இருந்தால் சுவிட்சே பாதுகாப்புக்காகப் போர்ட்டை மூடியிருக்கிறது. காரணம் லாகில் இருக்கும்: அனுமதிக்காத மேக் முகவரி, பிபிடியு கார்டு (இன்னொரு சுவிட்ச் சேர்ந்தால் போர்ட்டை மூடும் காவல்), லூப் (கேபிள்கள் வட்டமாகச் சேர்ந்துவிடுவது) என்று ஏதாவது ஒன்று. காரணத்தைப் படிக்காமல் போர்ட்டை மட்டும் திறந்தால் சில விநாடிகளில் திரும்ப மூடிக்கொள்ளும்.

100 மெகாபிட் மட்டும் வருவது பெரும்பாலும் ஒற்றைக் கம்பியின் கதை. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின்கள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். க்ரிம்ப் செய்த முனையை வெளிச்சத்தில் பிடித்து, முன்பக்கத்திலிருந்து பாருங்கள். எட்டுச் செம்பு முனைகளும் ஒரே கோட்டில் பிளாஸ்டிக்கின் கடைசிவரை வந்து முட்டியிருக்க வேண்டும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒன்று அரை மில்லிமீட்டர் பின்னால் நின்றுவிட்டால், லைட் எரியும், நெட் வரும், வேகம் மட்டும் வராது. அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக க்ரிம்ப் செய்யுங்கள்.

முனை சரியாக இருந்தால் சுவிட்சிலேயே உள்ள கேபிள் டெஸ்டை ஓட்டுங்கள். எந்த ஜோடி, எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லும். சோதனை ஓடும்போது லிங்க் ஒரு கணம் போய் வரும் என்பதால் வேலை நேரத்தில் வேண்டாம். கேபிளின் மொத்த நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும், இரு முனைகளின் பேட்ச் கார்டுகளும் அந்தக் கணக்கில் சேரும்.

லைட் எரிகிறது, ஆனால் எல்லாம் தவழ்கிறது என்றால் டூப்ளெக்ஸைப் பாருங்கள் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் பேசுவது ஃபுல், மாறி மாறிப் பேசுவது ஹாஃப்). ஒரு முனையில் ‘100 ஃபுல்’ என்று கையால் பூட்டிவிட்டு மறுமுனையை ஆட்டோவில் விட்டால், ஆட்டோவில் உள்ளது ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்), ஃபுல் பக்கத்தில் சிஆர்சி (பழுதாகி வந்த தரவு) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். இரண்டையும் ஆட்டோவில் விடுங்கள்.

எப்போது அழைப்பது: உடைப்பு சுவருக்குள் இருக்கிறது என்று டெஸ்ட் சொன்னால் கேபிள் போடுபவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 5: லைட் எரிகிறது, ஐபி கிடைக்கவில்லை

அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். கணினி, டிஹெச்சிபி பதில் வராததால் தானே போட்டுக்கொண்ட, 169.254 என்று தொடங்கும் முகவரியோடு நிற்கும். அந்த விலானுக்கு உரிய ஒரு ஐபியைக் கணினிக்குக் கையால் கொடுத்துக் கேட்வேயை பிங் செய்யுங்கள். இந்த ஒரு சோதனை பாதையை இரண்டாகப் பிரித்துவிடும்.

### பிங் போகவில்லை என்றால்: விலான்

போர்ட் சரியான விலானில் இருக்கிறதா? வலைப்பக்கம் வழியாக அமைக்கும் பல சுவிட்சுகளில் இதை இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். போர்ட்டை விலான் 20-இல் ‘அன்டேக்டு’ (டேக், அதாவது விலான் எண், ஒட்டாமல் அனுப்பும்) உறுப்பினராக்குவது ஒன்று, அதே போர்ட்டின் பிவிஐடியை (உள்ளே வருவது எந்த விலானில் சேரும் என்ற எண்) 20 என்று மாற்றுவது இன்னொன்று. முதலாவதை மட்டும் செய்தால் வெளியே போகும் பாதை சரியாக இருக்கும். கணினியிலிருந்து உள்ளே வருவதோ விலான் 1-இல் போய் விழும்.

விலான் அந்தச் சுவிட்சில் இருக்கிறதா? போர்ட்டில் 20 என்று எழுதியிருந்தாலும், விலான் பட்டியலில் 20-ஐ உருவாக்கியிருக்க வேண்டும். வழியில் இருக்கும் ஒவ்வொரு சுவிட்சிலும் அது வேண்டும், நடுவில் இருப்பதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

டிரங்கின் (சுவிட்சுகளுக்கிடையே பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) இரு முனைகளிலும் அந்த விலான் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா? இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஏற்கெனவே 10, 20 போகும் டிரங்கில் 30-ஐச் சேர்க்கப் போகிறீர்கள். பல சுவிட்சுகளின் கட்டளை வரியில் ‘அனுமதித்த விலான் 30’ என்று மட்டும் எழுதினால் அது பட்டியலில் சேராது, பட்டியலையே மாற்றிவிடும். 10-உம் 20-உம் அந்த நொடியில் போய்விடும். ‘ஆட்’ என்ற ஒரு சொல் வேண்டும். ஒருமுறை ஒரு மாடி முழுவதையும் நான் இப்படித்தான் வெட்டினேன். அந்த டிரங்க் வழியாகத்தான் நானும் உள்ளே போயிருந்தேன் என்பதால், கன்சோல் கேபிளோடு படி ஏறிப் போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து டிரங்கைத் தொடும் எந்தக் கட்டளையையும் முதலில் நோட்பேடில் எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

நேட்டிவ் விலான் (டிரங்கில் டேக் இல்லாமல் போகும் விலான்) இரு முனையிலும் ஒன்றா? இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 99 என்றால் டேக் இல்லாத போக்குவரத்து ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்குக் கசியும். பல சுவிட்சுகள் இதை லாகில் எச்சரிக்கும்.

எங்கே அறுகிறது என்று பிடிபடாவிட்டால் மேக் டேபிளைப் (எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் என்ற சுவிட்சின் பட்டியல்) பின்தொடருங்கள். கணினியின் மேக் முகவரியை எழுதி வைத்துக்கொண்டு, முதல் சுவிட்சில் அது எந்தப் போர்ட்டில், எந்த விலானில் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு அடுத்த சுவிட்ச், அதற்கடுத்தது. எந்தச் சுவிட்சில் தெரியாமல் போகிறதோ, அதற்கு முந்தைய கேபிளின் இரு முனைகளில்தான் தவறு இருக்கிறது. இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

### பிங் போகிறது என்றால்: டிஹெச்சிபி

கணினியை இயக்கி ஒரு நிமிடம் கழித்துக் கேபிளைக் கழற்றாமல் மறுபடி முகவரி கேட்டால் கிடைக்கிறதா? அப்படியானால் காரணம் ஸ்பானிங் ட்ரீ (லூப்பைத் தடுக்கும் முறை). பழைய 802.1டி முறையில் போர்ட் லிஸனிங் 15 விநாடி, லேர்னிங் 15 விநாடி என்று 30 விநாடி காத்திருந்த பிறகே திறக்கும். அதற்குள் கணினி கேட்டுக் களைத்துவிடும். கணினி, ஃபோன், பிரின்டர் சொருகும் போர்ட்டுகளில் மட்டும் எட்ஜ் போர்ட் அல்லது போர்ட்ஃபாஸ்ட் அமைப்பை (காத்திருக்காமல் உடனே திறப்பது) போடுங்கள். இன்னொரு சுவிட்ச் சேரும் போர்ட்டில் ஒருபோதும் வேண்டாம்.

டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை (போலி டிஹெச்சிபி சர்வர்களைத் தடுக்கும் வசதி) இயக்கினீர்களா? டிஹெச்சிபி சர்வர் இருக்கும் திசையில் உள்ள அப்லிங்க் போர்ட்டை ‘டிரஸ்ட்’ என்று குறிக்காவிட்டால் சுவிட்ச் சர்வரின் பதில்களைத் தானே தடுத்துவிடும். சர்வர் வேறு விலானில் இருந்தால், கணினி இருக்கும் விலானின் கேட்வேயில் ரிலே முகவரி (கணினியின் கேள்வியை எந்தச் சர்வருக்கு அனுப்புவது என்பது) கொடுத்திருக்க வேண்டும்.

முகவரி கிடைக்கிறது, ஆனால் சம்பந்தமில்லாத வரிசையில் கிடைக்கிறது என்றால் யாரோ ஒரு சின்ன ரவுட்டரை லான் போர்ட் வழியாகச் சொருகியிருக்கிறார்கள். கணினி காட்டும் டிஹெச்சிபி சர்வர் ஐபியின் மேக் முகவரியைக் கண்டுபிடித்து, மேக் டேபிளில் தேடினால் போர்ட் தெரிந்துவிடும்.

## அறிகுறி 6: எல்லா விளக்குகளும் ஒன்றாக வெறிபிடித்து மின்னுகின்றன, நெட்வொர்க் முழுதும் நின்றுவிட்டது

லூப். ஒரே கேபிளின் இரு முனைகளும் ஒரே சுவிட்சில் இருக்கும், அல்லது மேசைக்கு அடியில் ஒரு குட்டிச் சுவிட்சில் யாரோ ‘கேபிள் கழன்று கிடக்கிறதே’ என்று நல்லெண்ணத்தோடு சொருகியிருப்பார்கள்.

இந்த நேரத்தில் லாகின் ஆக முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். சுவிட்சுகளுக்கு இடையிலான அப்லிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மற்ற பகுதி அமைதியாகிறதோ, லூப் அந்தக் கேபிளுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே போய், அந்தச் சுவிட்சின் போர்ட்டுகளை இதே போல ஒவ்வொன்றாக எடுங்கள். அமைதியான பிறகு லாகைத் திறந்தால், ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கிடையே தாவியதாக வரிகள் இருக்கும். அந்த இரண்டு போர்ட்டுகள்தான்.

பிறகு ஸ்பானிங் ட்ரீ எல்லாச் சுவிட்சிலும் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், எட்ஜ் போர்ட்டுகளில் பிபிடியு கார்டைப் போடுங்கள். நடுவில் உள்ள முக்கியச் சுவிட்சே ரூட் (ஸ்பானிங் ட்ரீயின் தலைமைச் சுவிட்ச்) ஆகும்படி, அதன் முன்னுரிமை எண்ணைக் கையால் 4096 என்று குறையுங்கள். எல்லாவற்றிலும் 32768 என்றே விட்டால் குறைந்த மேக் முகவரி உள்ளது ரூட் ஆகிவிடும், அது பெரும்பாலும் மூலையில் கிடக்கும் மிகப் பழைய சுவிட்சாக இருக்கும்.

## அறிகுறி 7: பிஓஇ கேமரா அல்லது ஆக்சஸ் பாயின்ட் உயிர் பெறவில்லை, அல்லது அடிக்கடி ரீபூட் ஆகிறது

பிஓஇ என்றால் நெட்வொர்க் கேபிள் வழியாகவே கருவிக்கு மின்சாரம் கொடுப்பது. முதலில் வேறு போர்ட்டில், வேறு பேட்ச் கார்டில் சொருகிப் பாருங்கள். அதன்பின் கணக்கு. 802.3ஏஎஃப் போர்ட் 15.4 வாட் தரும், கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 802.3ஏடி என்றால் 30 வாட், கருவிக்கு 25.5. போர்ட்டின் அளவு ஒன்று, சுவிட்சின் மொத்த அளவு வேறொன்று. 24 போர்ட்டிலும் 30 வாட் தரும் என்று போட்டிருந்தாலும் மொத்தமே 195 வாட் என்றால் ஏழாவது கருவி முழு அளவு கேட்கும்போது சுவிட்ச் யாரையாவது கைவிட வேண்டியிருக்கும். சுவிட்சின் பிஓஇ பக்கத்தில் மொத்த அளவும் இப்போதைய செலவும் இருக்கும்.

பகலில் நன்றாக ஓடும் கேமராக்கள் இருட்டியதும் ஒவ்வொன்றாக விழுந்து எழுந்தால், அது மின்சாரக் கணக்குதான். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், ஒவ்வொரு கேமராவும் கூடுதலாகச் சில வாட்டுகளைக் கேட்கும். பகலில் அளந்து ‘இடம் இருக்கிறது’ என்று முடிவு செய்யாதீர்கள். லென்ஸை மூடி இரவு நிலைக்கு மாற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

அளவு போதும், ஆனாலும் விழுகிறது என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி கொண்ட மலிவுக் கேபிள் நீண்ட தூரத்தில் மின்னழுத்தத்தை இழக்கும், சூடாகும். பிஓஇக்கு முழுச் செம்புக் கேபிள்தான்.

24 வோல்ட் ‘பாசிவ்’ பிஓஇ கருவி 802.3ஏஎஃப் போர்ட்டில் எழாது. அதற்குரிய இன்ஜெக்டரை (கேபிளில் மின்சாரத்தை ஏற்றும் குட்டிப் பெட்டி) பயன்படுத்துங்கள். அந்த இன்ஜெக்டரின் மின்சார முனையை வேறு எதிலும் சொருகிவிடாதீர்கள், அது கேட்காமலே மின்சாரம் அனுப்பும்.

எப்போது அழைப்பது: பக்கத்துப் போர்ட்டுகள் நான்கோ எட்டோ ஒரு தொகுதியாகப் பிஓஇ தரவில்லை என்றால் உள்ளே பழுது. மழை இடிக்குப் பிறகு வந்தது என்றால் கட்டாயம் எர்த்திங்கைச் சரிபார்க்க மின்பணியாளரை வரச் சொல்லுங்கள். மூடியைத் திறக்காதீர்கள்.

## அறிகுறி 8: ஃபைபர் லிங்க் வரவில்லை

முதலில் ஒரு முனையில் மட்டும் இரண்டு இழைகளையும் இடம் மாற்றுங்கள். இங்கே அனுப்புவது அங்கே பெறுவதில் சேர வேண்டும். இரு முனையிலும் மாற்றினால் பழைய நிலைதான். இழைக்குள் கண்ணால் பார்க்கவே பார்க்காதீர்கள், ஒளி கண்ணுக்குத் தெரியாது, விழித்திரையைப் பாதிக்கும்.

அடுத்து மாட்யூலின் (ஃபைபரைச் சுவிட்சோடு சேர்க்கும் செருகி) லேபிள். எஸ்எக்ஸ் 850 நானோமீட்டர், மல்டிமோட் ஃபைபருக்கு. எல்எக்ஸ் 1310, பெரும்பாலும் சிங்கிள்மோடுக்கு. ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் மற்றொன்று இருந்தால் லிங்க் நிற்காது. ஒற்றை இழையில் ஓடும் பைடை மாட்யூலில் நேர்மாறு: இரண்டும் ஒரே வகையாக இருக்கக் கூடாது, ஒன்று 1310-இல் அனுப்பினால் மற்றது 1490 அல்லது 1550-இல் அனுப்ப வேண்டும்.

10 ஜிகாபிட் ஓட்டையில் 1 ஜிகாபிட் மாட்யூலைப் போட்டால் சில சுவிட்சுகளில் வேகத்தைக் கையால் 1000 என்று வைக்க வேண்டும். ‘ஆதரிக்கப்படாத மாட்யூல்’ என்று லாகில் வந்தால் சுவிட்ச் நிறுவனம் பிற நிறுவன மாட்யூல்களை ஏற்பதில்லை.

எப்போது அழைப்பது: சுவிட்ச் காட்டும் பெறும் ஒளி அளவு மாட்யூலின் வரம்புக்குக் கீழே இருந்து, முனைகளைத் துடைத்த பிறகும் ஏறாவிட்டால் இழை வளைந்தோ உடைந்தோ இருக்கிறது. ஒட்டுப்போடும் இயந்திரம் உள்ளவர் வர வேண்டும்.

## அறிகுறி 9: பழைய சுவிட்ச் ஒன்றைச் சேர்த்ததும் எல்லா விலானும் மறைந்துவிட்டன

விடிபி (விலான் பட்டியலை எல்லாச் சுவிட்சுகளுக்கும் தானாகப் பரப்பும் முறை) இயங்கும் சிஸ்கோ நெட்வொர்க்கில் நடப்பது. சேர்த்த சுவிட்சின் டொமைன் பெயரும் ஒன்றாக இருந்து, ரிவிஷன் எண்ணும் கூடுதலாக இருந்தால் அதன் பட்டியல் எல்லாவற்றுக்கும் பரவிவிடும். சேர்ப்பதற்கு முன் அதை டிரான்ஸ்பரன்ட் நிலைக்கு மாற்றுங்கள், ரிவிஷன் 0 ஆகிவிடும். நடந்தே முடிந்துவிட்டால் கேபிளைக் கழற்றிவிட்டு, விடிபி சர்வராக இருக்கும் சுவிட்சில் விலான்களைத் திரும்ப உருவாக்குங்கள். பேக்கப் இருந்தால் சில நிமிட வேலை.

## நிபுணரைக் கூப்பிடும்போது

மாடல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, ஓடும் கான்ஃபிக்கின் பிரதி, லாக், எந்தப் போர்ட்டில் எது சொருகியிருக்கிறது என்ற பட்டியல், கடைசியாக எதை மாற்றினீர்கள் என்ற குறிப்பு. இவ்வளவும் கையில் இருந்தால் வருபவர் நேராக வேலையில் இறங்கலாம். கான்ஃபிக்கை அனுப்பும் முன் கடவுச்சொல் வரிகளை நீக்குங்கள். மின்சாரத்தை அணைத்து எழுப்புவதற்கு முன்பே லாகை நகலெடுத்துவிடுங்கள். பல சுவிட்சுகள் அதை மெமரியில் மட்டுமே வைத்திருக்கும், ரீபூட்டோடு போய்விடும். சுவிட்சுக்கு என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் சேவை) மூலம் நேரம் கொடுத்திருக்கிறீர்களா என்றும் இப்போதே பாருங்கள். நேரம் தவறான லாகில் ‘நேற்று மாலை ஆறு மணிக்கு என்ன நடந்தது’ என்று யாராலும் தேட முடியாது.